உதய்ப்பூருக்கு வந்த ஒற்றன்: ஒரு படமும் பல தீர்ப்புகளும்

வரலாறு என்றதும் நம்மவர்களுக்குக் கல்வெட்டும் செப்பேடும்தான் நினைவுக்கு வரும். அதில் தவறில்லை. கடைக்கணக்கை முடித்துவிட்டு இரவில் கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டிக்கொண்டு உட்காருகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் இருபதாம் நூற்றாண்டைப் பற்றி எழுதப்போகிற நாளைய ஆய்வாளருக்குக் கல்லும் செம்பும் மட்டும் போதாது. அந்த நூற்றாண்டு தன்னைப் பற்றிய சேதிகளை ஏராளமாகப் பதித்து வைத்திருப்பது திரைப்படச் சுருளில். படத்தில் சொன்னது ஒரு சாட்சி. அதைப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது இன்னொரு சாட்சி. இரண்டாவது சாட்சியை யாரும் பத்திரப்படுத்துவதில்லை என்பதுதான் குறை.

அப்படி ஒரு படத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஜேம்ஸ் பாண்ட் வரிசையில் 1983இல் வெளிவந்த ‘ஆக்டோபஸி’. ராஜஸ்தானத்து உதய்ப்பூரில் எடுக்கப்பட்டது. சென்னைக்காரர் ஒருவர் நடித்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இந்தப் படத்தைப் பற்றி ஒருமித்த கருத்து கிடையாது. ஒருவர் ‘அருமை’ என்பார், பக்கத்து நாற்காலிக்காரர் ‘அசிங்கம்’ என்பார். இத்தனை முரணான தீர்ப்புகள் ஏன் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

திருக்குறளில் ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, 59-ஆவது அதிகாரம். ஓர் ஒற்றன் கொண்டுவந்த சேதியை அப்படியே நம்பிவிடாதே, ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால் நம்பு என்பது அங்கே சொல்லப்படும் முறை. ஒற்றனைப் பற்றிய படத்தையும் அந்த முறையிலேயே விசாரித்துப் பார்ப்போமே. (அதே அதிகாரத்தை வைத்து நம் பாண்டைச் சோதித்தால் அவர் முதல் கேள்வியிலேயே தேறமாட்டார். ஒற்றன் யாரென்று ஊருக்குத் தெரியக்கூடாது என்கிறது குறள்; இவரோ போகிற இடமெல்லாம் தன் பெயரை இரண்டு தடவை சொல்லிக்கொள்கிறவர்!)

படம் உருவான கதை

பாண்ட் படவரிசை 1962இல் ‘டாக்டர் நோ’ படத்தில் தொடங்கியது. 2021இல் வந்த ‘நோ டைம் டு டை’ வரைக்கும் அந்த மூல நிறுவனம் எடுத்தவை 25 படங்கள். அவற்றில் ‘ஆக்டோபஸி’ பதின்மூன்றாவது. தயாரிப்பு ஆல்பர்ட் பிராக்கோலி, இயக்கம் ஜான் கிளென், பாண்டாக நடித்தவர் ரோஜர் மூர். அவருக்கு இது ஆறாவது பாண்ட் படம்.

மூலக்கதையில் இந்தியாவே இல்லை என்பதைப் பலர் அறியமாட்டார்கள். இயன் ஃபிளெமிங் 1964இல் காலமானார். 1966இல் வெளிவந்த அவருடைய தொகுப்பில் ‘ஆக்டோபஸி’ என்ற சிறுகதை இருக்கிறது. அது ஜமைக்காத் தீவில், ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் மேஜர் ஒருவரைப் பற்றி நடக்கும் கதை. அவர் பாசம் வைத்திருந்த எண்கால் கணவாய்க்கு அவர் இட்ட செல்லப்பெயர்தான் தலைப்பு. படத்தில் அந்த மேஜரின் மகள் உதய்ப்பூர் ஏரி அரண்மனையில் பெண்கள் படையோடு வாழும் சீமாட்டி ஆகிவிட்டாள். நகை ஏலக் காட்சி ஃபிளெமிங்கின் வேறொரு கதையிலிருந்து வந்தது. இந்தியா முழுக்க முழுக்கப் படக்காரர்கள் சேர்த்த மசாலா.

கதைச் சுருக்கம் இது. ரஷ்யாவின் ஓர்லோவ் என்ற வெறிபிடித்த தளபதி, மேற்கு ஜெர்மனியில் உள்ள அமெரிக்க விமானப்படைத் தளத்தில் ஒரு சர்க்கஸ் கூட்டத்தின் மூலம் அணுகுண்டு வெடிக்கச் செய்யத் திட்டமிடுகிறான். வெடித்தது அமெரிக்கர்களின் சொந்தக் குண்டு என்று உலகம் நினைக்கும். ஐரோப்பா பயந்து ஆயுதங்களைக் கைவிடும். ரஷ்யப் படை உள்ளே நுழையலாம் என்பது கணக்கு. அதற்கு உடந்தை, நாடிழந்த ஆப்கானிய இளவரசன் கமால் கான். அவன் இருக்குமிடம் உதய்ப்பூர். பாண்ட் அவனைத் தேடி வருகிறார்.

முதல் சாட்சி: வரிசையின் ரசிகர்கள்

வெளிநாட்டு ரசிகர்களிடையே இந்தப் படத்தைப் பற்றிப் பெரிய வழக்கே உண்டு. குறை சொல்கிறவர்கள் எடுத்துக்காட்டும் காட்சிகள் மூன்று. பாண்ட் காட்டுக் கொடியில் தொங்கிக்கொண்டு டார்ஜான் மாதிரி கூவுகிறார். மனிதக் குரங்கு உடைக்குள் ஒளிந்துகொள்கிறார். கடைசியில் சர்க்கஸ் கோமாளியாக முகத்தில் வெள்ளை அடித்துக்கொண்டு வருகிறார். ஒற்றன் என்றால் ஒரு மிடுக்கு வேண்டாமா என்பது அவர்கள் கட்சி. படம் வந்தபோது மூருக்கு 55 வயது. வயசாயிடுச்சு என்ற முணுமுணுப்பும் இருந்தது.

எதிர்க்கட்சிக்காரர்களும் அதே கோமாளிக் காட்சியைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள் என்பது வேடிக்கை. உள்ளே குண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கோமாளி சொல்வதை யார் நம்புவார்கள்? பயமும் சிரிப்பும் ஒரே இடத்தில் கூடிய அந்த நிமிடங்கள் இந்த வரிசையிலேயே சிறந்தவை என்கிறார்கள். என் ஓட்டும் இவர்களுக்குத்தான். படத்தின் தொடக்கத்தில் 009 என்ற இன்னொரு ஒற்றன் கோமாளி உடையிலேயே கொல்லப்படுகிறான். அதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் கடைசிக் காட்சி கோமாளித்தனமாகத் தெரியாது.

வியாபாரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். அந்த ஒரே ஆண்டில் இரண்டு பாண்ட் படங்கள் மோதின. பழைய பாண்டான ஷான் கானரி வேறு நிறுவனத்துக்காக ‘நெவர் சே நெவர் அகெய்ன்’ படத்தில் திரும்பி வந்தார். ‘ஆக்டோபஸி’ ஜூன் மாதமும் கானரி படம் அக்டோபர் மாதமும் வெளியாயின. உலக வசூல் ‘ஆக்டோபஸி’க்குச் சுமார் 18.75 கோடி டாலர். கானரி படத்துக்குச் சுமார் 16 கோடி டாலர். குறை சொன்னவர்களும் டிக்கெட் வாங்கித்தான் பார்த்தார்கள் என்று தெரிகிறது.

இந்த முதல் சாட்சிகளுக்கு இந்தியா ஒரு பிரச்சினையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாண்ட் எப்படி இருக்கிறார் என்பதே அவர்கள் வழக்கு. உதய்ப்பூர் அவர்களுக்கு அழகான பின்திரை, அவ்வளவுதான்.

இரண்டாம் சாட்சி: படித்த இந்தியர்

இந்தியாவில் படித்தவர்கள் பார்த்தபோது கேள்வி மாறிவிட்டது. ‘நம்மை எப்படிக் காட்டியிருக்கான்?’ என்பதே கேள்வி. பதில் மகிழ்ச்சி தருவதாக இல்லை.

தாஜ்மஹால் மேலே காமிரா பறக்கிறது, அடுத்த நொடியில் உதய்ப்பூர்ப் படித்துறை. அங்கே பாம்பாட்டி மகுடி ஊதுகிறார். ஆட்டோ துரத்தல் காட்சியில் ஒரே கடைத்தெருவில் ஆணிப்படுக்கைக்காரர், வாள் விழுங்குகிறவர், தீமிதிக்கிறவர், ஒட்டகம் எல்லாரும் வரிசையாக வந்து போகிறார்கள். ராஜஸ்தானத்தில் சரக்கெடுக்க முப்பது வருஷமாகப் போய்வருகிறேன். இத்தனை பேரையும் ஒரே தெருவில் ஒருநாளும் கண்டதில்லை! விருந்தில் முழு ஆட்டுத்தலை வருகிறது; கமால் கான் அதன் கண்ணைத் தோண்டி வாயில் போட்டுக்கொள்கிறான். சைவச் சாப்பாட்டுக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தக் காட்சியில் தலையைக் குனிந்துகொள்வதைத் தவிர வழியில்லாமல் போயிற்று. அசைவம் சாப்பிடுகிற நண்பர்களும், ‘இதை எந்த ஊர்ல சாப்பிடறாங்க?’ என்றுதான் கேட்டார்கள்.

அப்புறம் அந்தப் பணக் காட்சி. சூதாட்டத்தில் பாண்ட் இரண்டு லட்சம் ரூபாய் ஜெயிக்கிறார். 1983இல் ஒரு டாலர் சுமார் 10 ரூபாய். ஆக அது 20,000 டாலர். உள்ளூரில் தனக்கு உதவும் இந்தியர்களிடம் கட்டைக் கொடுத்து, சில வாரக் குழம்புச் செலவுக்கு ஆகும் என்ற பொருளில் கேலி பேசுகிறார். பிறகு துரத்தலில் பணத்தைத் தெருவில் வாரி வீச, ஜனங்கள் விழுந்தடித்துப் பொறுக்குகிறார்கள். வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன், காசைத் தரையில் விட்டெறிபவனிடம் எந்தக் கடைக்காரனும் மரியாதை வைக்கமாட்டான்.

ஆனால் இவையெல்லாம் மேலோட்டமான குறைகள். ஆழமான குறை ஒன்றுண்டு. அதை அதிகம் பேர் சொல்வதில்லை. பாண்டுக்கு உதவும் இந்தியர்கள் யாருடைய ஆட்கள்? பிரிட்டிஷ் உளவுத்துறையின் ஆட்கள். சுதந்திரம் வந்து 36 ஆண்டுகள் கழித்து, ஒரு பிரிட்டிஷ் ஒற்றன் உதய்ப்பூரில் இறங்குகிறான், துப்பாக்கி சுடுகிறான், அரண்மனைக்குள் புகுகிறான். இந்திய அரசாங்கம் என்று ஒன்று இருப்பதாகவே கதைக்குத் தெரியவில்லை. நம்முடைய சொந்த வெளிநாட்டு உளவு நிறுவனமான ‘ரா’ 1968இலேயே ஆர்.என். காவ் தலைமையில் தொடங்கப்பட்டுவிட்டது. 1980இல் நம் ராக்கெட்டில் ரோகிணி செயற்கைக்கோளை அனுப்பியாயிற்று. 1982 நவம்பரில் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அந்த ஆண்டுதான் வண்ணத் தொலைக்காட்சியும் வந்தது. 1983 மார்ச்சில் அணிசேரா நாடுகளின் மாநாட்டுக்காக உலகத் தலைவர்கள் தில்லியில் கூடினார்கள். அமெரிக்காவும் ரஷ்யாவும் அணு ஆயுதத்தைக் குவிக்கக்கூடாது என்று இந்தியா பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டில், அதே அணு ஆயுதத்தைப் பற்றிய படத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த வேலை மகுடி ஊதுவது.

புலி வேட்டையும் அப்படித்தான். படத்தில் கமால் கான் யானைமேல் ஏறி, பாண்டையே வேட்டைப் பிராணியாக ஆக்கித் துரத்துகிறான். காட்டில் புலியும் வருகிறது. உண்மையில் 1971இல் மன்னர் மானியம் ஒழிந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை நின்றது. 1973இல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியது. கமால் கானின் வீடாகக் காட்டப்படும் சஜ்ஜன்கட் அரண்மனை 1880களில் மகாராணா சஜ்ஜன் சிங் கட்டத் தொடங்கியது. அதைச் சுற்றியுள்ள காடு 1987இல் வனவிலங்குச் சரணாலயமாகவே அறிவிக்கப்பட்டது. ஆக, படம் காட்டுவது 1983-இன் இந்தியாவை அல்ல. ஐம்பது அறுபது ஆண்டு முந்தைய ஒரு சமஸ்தானக் கனவை.

இந்தக் கனவு பாண்ட் படத்தோடு மட்டும் நிற்கவில்லை. 1982 கடைசியில் ‘காந்தி’, 1983இல் ‘ஹீட் அண்ட் டஸ்ட்’, 1984இல் ‘தி ஃபார் பெவிலியன்ஸ்’, ‘தி ஜூவல் இன் தி கிரவுன்’ தொடர்கள், ‘எ பாசேஜ் டு இந்தியா’ என்று மூன்றே ஆண்டுகளில் ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவைப் பற்றி அலை அலையாகப் படைப்புகள் வந்தன. தரத்தில் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் சாம்ராஜ்யத்தை இழந்த நாடு பழைய நகைப்பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. சல்மான் ருஷ்டி 1984இல் இந்த அலையைக் கண்டித்து எழுதிய கட்டுரை புகழ்பெற்றது.

நம் அரசாங்கமும் அந்தக் காலத்தில்தான் உஷாரானது. ‘ஆக்டோபஸி’க்கு அனுமதி கிடைத்தது. அடுத்து வந்த ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்’ படக்கதைக்கு ஆட்சேபம் எழுந்ததால், அவர்கள் இலங்கையில் கண்டிப் பக்கம் போய் இந்தியக் கிராமத்தை ‘உண்டாக்கி’ எடுத்தார்கள். 1984இல் வந்த அந்தப் படத்தில் விருந்துக் காட்சி எப்படியிருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதன் பக்கத்தில் வைத்தால் பாண்டின் ஆட்டுத்தலை விருந்து சாத்வீகமானது.

மூன்றாம் சாட்சி: உதய்ப்பூர்க்காரர்கள்

இனி உதய்ப்பூருக்கே போவோம். பளிங்கு வியாபாரத்துக்காக அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பிச்சோலா ஏரிக்கரையில் இருந்த தங்கும் விடுதிகள் பலவற்றின் மொட்டைமாடிச் சாப்பாட்டுக் கடைகளில் பலகை எழுதி வைத்திருப்பார்கள்: தினமும் மாலை ‘ஆக்டோபஸி’ காட்டப்படும் என்று. வருஷக்கணக்காக, ஒரே படம், தினந்தோறும்! வெளிநாட்டுப் பயணிகள் சப்பாத்தியும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டே படம் பார்ப்பார்கள். படத்தில் வருகிற அரண்மனை எதிரே தண்ணீரில் விளக்கேற்றி நிற்கும்.

ஒரு விடுதிக்காரரிடம் கேட்டேன்: ‘ஜி, உங்க ஊரைப் பாம்பாட்டி ஊர் மாதிரி காட்டியிருக்கானே, வருத்தமில்லையா?’ அவர் சிரித்தார். ‘சேட்ஜி, பாம்பைப் பார்க்க இங்கே யாரும் வரலை. ஏரியைப் பார்க்க வராங்க. அதை அவன் நல்லாத்தானே எடுத்திருக்கான்?’ என்றார்.

இந்தப் பதிலை லேசாக ஒதுக்கிவிட முடியாது. அந்த ஏரி அரண்மனை 18-ஆம் நூற்றாண்டில் மகாராணா இரண்டாம் ஜகத் சிங் கட்டியது. 1963இல் மகாராணா பகவத் சிங் அதை ஹோட்டலாக்கினார். 1971இல் தாஜ் நிறுவனம் நிர்வாகத்தை ஏற்றது. சமஸ்தானம் போன பிறகு ஊர் பிழைப்பதற்கு அரண்மனைகளே மூலதனம். படம் அந்த மூலதனத்துக்கு ஓசி விளம்பரம். படகோட்டியும் பொம்மை விற்கிறவரும் அதில் நாலு காசு பார்த்தார்கள். தில்லியில் உட்கார்ந்து மானம் போயிற்று என்று பேசுவது சுலபம். உதய்ப்பூர்க்காரர் பார்வையில் படம் அன்னதாதா.

மூன்று சாட்சிகளும் ஆயிற்று, மூன்றும் ஒத்துப்போகவில்லை. குறள் முறைப்படி இந்தச் சேதியை நம்பக்கூடாது. ஆனால் யாரும் பொய் சொல்லவில்லையே! அப்படியானால் முரண்பாட்டுக்குக் காரணம் என்ன? அதைத் தெரிந்துகொள்ள நான்காவது சாட்சியைக் கூப்பிட வேண்டும். அது நாம்தான்.

நான்காம் சாட்சி: தில்லித் தமிழர்

படம் தில்லிக்கு வந்த காலத்தில் எனக்கு இருபது வயதைத் தாண்டிக் கொஞ்ச காலம். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து கரோல் பாக்கில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். மெஸ்ஸில் சாப்பிடுகிற தமிழர்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். காரணம் பாண்ட் அல்ல, விஜய் அமிர்தராஜ்.

இளைய தலைமுறைக்காக அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1953இல் சென்னையில் பிறந்தவர். 1973இலும் 1981இலும் விம்பிள்டனில் கால் இறுதிவரை போனவர். 1974இல் டேவிஸ் கோப்பை இறுதிக்கு இந்தியா வந்தபோது, எதிரணி தென்னாப்பிரிக்கா. அங்கே நிறவெறி ஆட்சி. விளையாடமாட்டோம் என்று இந்தியா கோப்பையையே விட்டுக்கொடுத்தது. அந்த அணியின் நட்சத்திரம் இவர். 1983இல் பத்மஸ்ரீ பெற்றார். 2024இல் உலக டென்னிஸ் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

படத்தில் அவர் பெயரும் விஜய்தான். மகுடியில் பாண்டின் இசையையே ஊதி அடையாளம் காட்டுகிற பாம்பாட்டி வேஷம். ஆனால் தனக்குப் பாம்பென்றால் பயம் என்று சொல்லிவிடுவார். ஆட்டோ ஓட்டுவார். டென்னிஸ் மட்டையால் எதிரிகளை அடிப்பார். வேடிக்கை பார்க்கிற ஜனங்கள் டென்னிஸ் ஆட்டம் பார்ப்பதுபோல் தலையை இப்படியும் அப்படியும் திருப்புவார்கள். தியேட்டரே அதிர்ந்தது. மெஸ்ஸில் ஒரு பெரியவர் ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தார்: ‘டேய் தம்பி, நம்ம மெட்ராஸ் பையன் பாண்ட் பக்கத்துல நின்னு இங்கிலீஷ் பேசறான்டா!’

அவருடைய சந்தோஷத்துக்கு ஒரு பின்னணி உண்டு. அன்றைய தில்லியில் நமக்கெல்லாம் ஒரே பெயர் ‘மதராசி’. நாலு மாநிலத்தாருக்கும் சேர்த்து ஒரே பெயர். 1968இல் வந்த ‘படோசன்’ இந்திப் படத்தில் மெஹ்மூத் குடுமியும் பட்டை விபூதியுமாக ‘மாஸ்டர் பிள்ளை’ என்ற பாட்டு வாத்தியாராக வந்து ஊரையே சிரிக்கவைத்தார். அந்தக் குரலை நம்மிடம் பேசிக் காட்டிச் சிரிக்காத தில்லிக்காரர் குறைவு. 1981இல் பாலசந்தரின் ‘ஏக் தூஜே கே லியே’ வந்து கமல்ஹாசனை இந்திக்காரர்கள் காதலனாகப் பார்த்தபோதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. இந்த நிலையில், நேராகவும் அழகாகவும் ஆங்கிலம் பேசிக்கொண்டு ஒரு சென்னைக்காரர் உலகப் படத்தில் வந்தால் யாருக்குத்தான் மனசு நிறையாது?

போன வருஷம் வீட்டில் இதே படத்தைப் பிள்ளைகளோடு பார்த்தேன். விஜய் பாதிப் படத்திலேயே ஏரிக்கரையில் கொல்லப்படுகிறார் அல்லவா? என் மகள் திரும்பிக் கேட்டாள்: ‘அப்பா, ஜோக் அடிக்க ஒருத்தர், சாகறதுக்கும் அதே ஒருத்தரா? அவருக்கு வீடு வாசல் ஒண்ணும் கிடையாதா?’ நான் பதில் யோசிப்பதற்குள் பக்கத்திலிருந்த என் மைத்துனர், ‘அது அந்தக் காலத்துப் படம்மா, பொழுதுபோக்காப் பாரு’ என்றார். ‘மாமா, அந்தக் காலத்துல நீங்க இருந்தீங்களே, உங்களுக்குத் தோணலையா?’ என்றாள். மைத்துனர் காப்பியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

மெஸ் பெரியவரும் சரி, என் மகளும் சரி. நம்மவர் திரையில் இருப்பதே அவருக்கு அதிசயம். அவர் அங்கே என்ன நிலையில் இருக்கிறார் என்பது இவளுக்குக் கேள்வி. ‘மதராசி’ என்ற சொல்லைக் காதில் வாங்கியே வாழ்ந்தவர் அவர். தில்லியிலேயே பிறந்து, தில்லியைத் தன் ஊர் என்று சொல்லத் தயங்காதவள் இவள். இடையில் போன நாற்பது வருஷம்தான் இரண்டு தீர்ப்புக்கும் உள்ள தூரம். படம் மாறவில்லை, பார்க்கிறவர் நிற்கிற இடம் மாறிவிட்டது. முரண்பாட்டுக்குக் காரணம் இதுவே என்பது என் துணிபு.

நாம் மட்டும் யோக்கியமா?

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தமிழிலும் ஒற்றன் படங்களுக்குக் குறைவில்லை. 1966இல் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘வல்லவன் ஒருவன்’, 1970இல் ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று நடித்து ஜெய்சங்கர் ‘தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்’ என்றே பெயர் வாங்கினார். ‘ஆக்டோபஸி’ வந்து மூன்றே வருஷத்தில், 1986இல், சுஜாதா எழுத்தில் கமல்ஹாசனின் ‘விக்ரம்’ வந்தது. களவுபோன ஏவுகணையைத் தேடி இந்திய ஒற்றன் போகிறான். அந்த வகையில் நமக்குப் பெருமை. நம் அரசாங்கம், நம் ஒற்றன்.

ஆனால் அவன் போகிற இடம் எது? ‘சலாமியா’ என்ற கற்பனை நாடு. அங்கே மன்னர், இளவரசி, புரியாத பாஷை, விசித்திர வழக்கங்கள், மொழிபெயர்த்துச் சிரிக்கவைக்க ஜனகராஜ். அதைப் படமெடுத்த இடம் அதே ராஜஸ்தானம்! பாண்ட் படக்காரர்கள் நம்மைப் பார்த்த கண்ணாடியை நாம் அப்படியே வாங்கி, மார்வாரி ஊரைப் பார்க்கப் போட்டுக்கொண்டோம். தியேட்டரில் நாம் யாரும் சங்கடப்படவில்லை; ரசித்துச் சிரித்தோம். ஏனென்றால் அங்கே வேடிக்கைப் பொருள் நாமில்லை. ராஜஸ்தானத்து நண்பர் ஒருவருக்கு அந்தப் பகுதியைப் போட்டுக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘நாங்க இவ்வளவு வினோதமானவங்களா?’ என்று மட்டும் கேட்டார். எனக்குச் சட்டென்று மாஸ்டர் பிள்ளை ஞாபகம் வந்தார்.

திரையில் வராத ஒரு காட்சி

இந்தப் படத்தால் விளைந்த நன்மை ஒன்றைச் சொல்லாமல் விட்டால் வழக்கு முழுமையாகாது. 1982இல் படப்பிடிப்புக்காக இந்தியா வந்த ரோஜர் மூர், இங்கே கண்ட வறுமையால் உலுக்கப்பட்டார். அரண்மனைக்கும் யானைக்கும் வெளியே, காமிரா பார்க்காத பக்கத்தை அவர் கண் பார்த்துவிட்டது. பிற்பாடு நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் தூண்டுதலும் சேர்ந்து, 1991இல் ஐ.நா. குழந்தைகள் நல நிறுவனமான யுனிசெஃப்பின் நல்லெண்ணத் தூதரானார். 2017 மே மாதம் காலமாகும்வரை கால் நூற்றாண்டுக்கு மேல் குழந்தைகளுக்காக நாடு நாடாகப் போனார். 2003இல் அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது.

கதையில் காசை வீசி எறிந்த அதே கை, வாழ்க்கையில் குழந்தைகளுக்காகக் காசு கேட்டு நீண்டது. படக்கதையை எழுதியவர்கள் நாட்டைச் சரியாகப் பார்க்கவில்லை. நடிக்க வந்தவர் பார்த்தார். ஒரு படத்தை நல்லது, கெட்டது என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

முடிவாக

‘ஆக்டோபஸி’யைப் பார்க்கலாமா கூடாதா என்று என்னைக் கேட்டால், பிள்ளைகளோடு உட்கார்ந்து தாராளமாகப் பாருங்கள் என்பேன். குண்டுக் காட்சியில் நகத்தைக் கடியுங்கள், டென்னிஸ் மட்டைக்குச் சிரியுங்கள், ஏரியை ரசியுங்கள். ஆட்டுத்தலை வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அந்த ‘குழம்புச் செலவு’ கேலி வரும்போது மட்டும் படத்தை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, அது ஏன் உறுத்துகிறது என்று பேசுங்கள். அடுத்த வாரம் ‘விக்ரம்’ போட்டு, சலாமியா வரும்போதும் அதேபோல நிறுத்துங்கள். முதல் நிறுத்தத்தில் நம் கோபம் நியாயம் என்று பிள்ளைகளுக்குப் புரியும். இரண்டாவதில், நாமும் அதே காரியத்தைச் செய்ய வல்லவர்கள்தான் என்று நமக்கே புரியும். வெளிமாநிலத்தில் வாழ்கிற நமக்கு இந்த இரண்டு பாடமும் சேர்ந்தே வேண்டும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. லண்டன் விமர்சகர் 1983இல் என்ன சொன்னார் என்பது புத்தகத்தில் இருக்கிறது. கரோல் பாக் மெஸ் பெரியவர் சொன்னது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் இப்போது இல்லை, அந்த மெஸ்ஸும் இல்லை. முதன்முதலில் தில்லித் திரையரங்கில் நம்மவர் ஒருவரைப் பார்த்துக் கைதட்டியவர்கள், அல்லது கூசிப்போய் வெளியே வந்தவர்கள், இன்னும் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு. எந்தப் படம், எந்த ஆண்டு, யாரோடு போனீர்கள், எங்கே சிரித்தீர்கள், எங்கே வாயடைத்துப் போனீர்கள் என்று நாலு கேள்வி போதும். அடுத்த மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று கேட்கிற இளைஞர்களுக்கு நான் கொடுக்கக்கூடிய தலைப்பு இதுதான்.